செல்போனில் லேண்ட்லைன் பேசுவது எப்படி நடக்கிறது?

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் வேலையை முடித்துக் கிளம்பும்போது, “லேண்ட்லைன் நம்பரும் சேர்ந்தே வரும் சார், தனியா போன் வாங்க வேணாம், ஆப் போட்டு செல்லுலயே பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வரியை வீட்டில் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பேசுவது மாதிரிதான் என்கிறார் ஒருவர். சிக்னல் கிடைக்காத அறையில் வைஃபையில் பேசுகிறோமே, அதுதான் இது என்கிறார் இன்னொருவர். லேண்ட்லைனுக்கு வரும் அழைப்பைச் செல்போனுக்குத் திருப்பிவிடுவதைத்தான் சொல்கிறார் என்று மூன்றாமவர் நினைக்கிறார். மூன்றும் மூன்று வெவ்வேறு வசதிகள். இது நான்காவது.

இந்தக் குழப்பத்தால் ஏற்படும் நஷ்டம் சின்னதில்லை. மாதக் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும் ஒரு வசதியைப் பலர் தொடுவதே இல்லை. வேறு சிலர், வீட்டில் இருப்பது பழைய செம்புக் கம்பி இணைப்பு என்பதை யோசிக்காமல் ஏதோ ஒரு செயலியை இறக்கிவிட்டு, அது வேலை செய்யவில்லை என்று அலைகிறார்கள். இன்னும் சிலர், செயலியைத் திறக்க வரும் ஓடிபியைக் கேட்டவரிடமெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் இவை எல்லாவற்றுக்கும் விடை தானாகக் கிடைத்துவிடும். அதற்குப் பள்ளிக்கூட அறிவே போதும்.

## எதை எதோடு குழப்பிக்கொள்கிறோம்

வாட்ஸ்அப் அழைப்புக்கு இரண்டு முனையிலும் வாட்ஸ்அப் இருக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் பட்டன் போன் வைத்திருந்தாலோ, அரிசி மண்டியின் பழைய லேண்ட்லைனுக்குப் பேச வேண்டியிருந்தாலோ அது உதவாது. தொலைபேசி வலைக்கு வெளியே ஓடும் தனி ஏற்பாடு அது.

வைஃபை அழைப்பு என்று செல்போனின் செட்டிங்ஸில் ஒரு வசதி இருக்கும். இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. செல்போன் கோபுரத்துக்குப் போக வேண்டிய அழைப்பு, கோபுரம் எட்டாதபோது வீட்டு வைஃபை வழியாக அதே செல்போன் நிறுவனத்தைச் சென்றடையும். எதிரில் இருப்பவருக்குத் தெரிவது உங்கள் செல்போன் எண். கணக்கு ஏறுவதும் சிம் மேல்தான். இடையில் வைஃபை இருக்கிறது என்பதால் மட்டும் இது லேண்ட்லைன் அழைப்பாகிவிடாது. அதிகமானவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கால் ஃபார்வர்டிங் ஒருவழிப் பாதை. வீட்டு எண்ணுக்கு வருகிற அழைப்பு செல்போனுக்குத் திருப்பப்படும், அவ்வளவுதான். நீங்கள் திரும்ப அழைத்தால் போவது செல்போன் எண்ணிலிருந்து.

இவற்றிலிருந்து வேறுபட்டு, நாம் பேசப்போகும் வசதியில் நடப்பது இது: செல்போனில் டயல் செய்கிறீர்கள், எதிர்முனையில் 044 என்றோ 0452 என்றோ தொடங்கும் உங்கள் வீட்டு எண் தெரிகிறது. வீட்டு எண்ணுக்கு யாராவது அழைத்தால் உங்கள் கையில் இருக்கும் செல்போன் ஒலிக்கிறது. இந்த அழைப்பைச் சுமப்பதில் சிம் கார்டுக்கு எந்தப் பங்கும் இல்லை.

## எண் யாருடையது?

ரேஷன் கடைக்குக் கொண்டுபோகும் குடும்ப அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அது குடும்பத்துக்கு ஒன்று. அரிசி வாங்கப் பாட்டி போகலாம், பேரன் போகலாம். யார் போனாலும் வாங்கியது அந்த அட்டையின் கணக்கில்தான் பதிவாகும். கடையில் இருக்கும் இயந்திரம் பார்ப்பது இரண்டே விஷயம்: வந்திருப்பவர் பெயர் இந்த அட்டையில் இருக்கிறதா, வந்திருப்பவர் உண்மையிலேயே அவர்தானா. வீட்டுக்கு மருமகள் வந்தால் அவர் பெயரைச் சேர்க்கலாம். அட்டை எண் மாறுவதில்லை.

ஃபைபர் காலத்து லேண்ட்லைன் எண்ணும் இப்படித்தான் இருக்கிறது. எண் என்பது நிறுவனத்தின் கணினியில் இருக்கும் ஒரு கணக்கு. கூடத்து மேசையில் இருக்கும் போன் அந்தக் கணக்கில் பெயர் சேர்க்கப்பட்ட ஓர் உறுப்பினர். செல்போனில் இருக்கும் செயலி இன்னொரு உறுப்பினர். இரண்டும் ஒரே எண்ணின் பெயரால் வெளியே பேசுகின்றன.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், லேண்ட்லைன் எண் என்றாலே சுவரில் பதிந்த கம்பி என்று நம் மனதில் ஒரு படம் உறைந்துபோயிருக்கிறது. அந்தப் படம் இருக்கும்வரை, கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒரு கருவி எப்படி லேண்ட்லைன் ஆகும் என்ற கேள்வி தீராது. ஒரு காலத்தில் அந்தப் படம் சரியாகத்தான் இருந்தது.

## செம்புக் கம்பிக் காலம்

வீட்டிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகள் தெருமுனைப் பெட்டி வழியாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். ஒவ்வொரு ஜோடிக்கும் எக்ஸ்சேஞ்சில் ஓர் இடம், அந்த இடத்துக்கு ஓர் எண். கம்பியில் 48 வோல்ட் மின்னழுத்தத்தை எக்ஸ்சேஞ்ச் எப்போதும் வைத்திருக்கும். ரிசீவரைத் தூக்கியதும் சுற்று மூடி மின்சாரம் ஓடும். இந்த வீட்டில் போனை எடுத்துவிட்டார்கள் என்று அதைக் கொண்டு எக்ஸ்சேஞ்ச் தெரிந்துகொண்டு டயல் டோன் கொடுக்கும். நம் குரல், ஏறி இறங்கும் மின் அலையாக அதே கம்பியில் போகும்.

இன்னொரு அறையில் இன்னொரு போன் வேண்டுமென்றால் அதே கம்பியிலிருந்து ஒரு கிளை இழுக்க வேண்டும். மாடியில் எக்ஸ்டென்ஷன் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: கீழே அப்பா பேசும்போது மேலே ரிசீவரை எடுத்தால் எல்லாம் காதில் விழும். இரண்டும் ஒரே கம்பி என்பதால் வந்த விளைவு அது.

இங்கே பலரும் அறியாத ஒன்று உண்டு. எக்ஸ்சேஞ்சு வரை மின் அலையாக வந்த குரல், அதற்கு அப்பால் பல ஆண்டுகளாகவே இலக்கங்களாக, அதாவது 0, 1 என்ற குறிகளாக மாறித்தான் பயணம் செய்தது. 1984-ல் தொடங்கப்பட்ட அரசு ஆய்வு நிறுவனமான சி-டாட் வடிவமைத்த டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் கிராமங்கள் வரை வந்தன. எஸ்டிடி பூத்தில் நின்று நீங்கள் பேசிய அழைப்பிலும், பாதி வழிக்கு மேல் உங்கள் குரல் இலக்கமாகத்தான் போயிருக்கும். ஆகவே குரலை இலக்கமாக்குவது செயலி கொண்டுவந்த புதுமை இல்லை. மாற்றம் நடக்கும் இடம்தான் நகர்ந்தது. முன்பு எக்ஸ்சேஞ்சில் நடந்தது, ஃபைபர் வந்ததும் வீட்டுக்குள் வந்தது, செயலி வந்ததும் உங்கள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

சுருக்கமாக: பழைய முறையில் எண் ஒரு ஜோடிக் கம்பியோடு கட்டுண்டிருந்தது. புதிய முறையில் அது ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்ட எந்தக் கருவியும் அந்த எண்ணாகப் பேசலாம்.

## குரல் இலக்கமாவது எப்படி?

மைக்கில் பேசும்போது எழும் மின் அலையை வினாடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 256 படிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்கிறார்கள். அதற்கு 8 பிட் போதும். பிட் என்பது ஒரு 0 அல்லது ஒரு 1. 8,000 முறை, ஒவ்வொன்றும் 8 பிட், ஆக வினாடிக்கு 64,000 பிட். தொலைபேசி உலகம் பல பத்தாண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் அடிப்படை எண்ணிக்கை இந்த 64,000தான். குரலை இப்படி இலக்கமாக மாற்றுவதற்கும், எதிர்முனையில் திரும்பக் குரலாக்குவதற்குமான முறைக்குக் கோடெக் என்று பெயர். 64,000 பிட் கேட்பது எளிய கோடெக். இதைவிடக் குறைவான பிட்டுகளில் தெளிவான குரலைத் தரும் கோடெக்குகளும் உண்டு.

இந்த இலக்க ஓட்டத்தைப் பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் போய்ச் சேர வேண்டிய முகவரியை ஒட்டி அனுப்புவார்கள். முகவரி ஒட்டிய ஒரு துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். வினாடிக்கு 50 பாக்கெட் போகும், 50 வரும்.

இதற்கு எவ்வளவு இணையம் செலவாகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஒரு பாக்கெட்டில் குரல் 160 பைட், முகவரி விவரங்கள் 40 பைட், மொத்தம் 200. வினாடிக்கு 50 பாக்கெட் என்றால் 10,000 பைட். போவதும் வருவதும் சேர்த்து ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.2 எம்பி. பத்து நிமிடம் பேசினாலும் 12 எம்பி. ஃபைபர் இணைப்புக்கு இது பொருட்டே இல்லை. பேச்சு தெளிவாக இல்லையென்றால் அதற்குக் காரணம் இணைய வேகம் குறைவாக இருப்பது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். காரணம் வேறெங்கோ இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

## ஃபைபர் பெட்டியும் பதிவேடும்

வீட்டுக்குள் வரும் கண்ணாடி இழை முடியும் இடத்தில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். நாம் பொதுவாக மோடம் அல்லது ரூட்டர் என்போம். முறையான பெயர் ஓஎன்டி: ஒளியாக வரும் தகவலை மின் குறிகளாக மாற்றித் தரும் பெட்டி. அதன் முதுகில் கம்ப்யூட்டர் கேபிள் செருகும் துளைகளோடு, அவற்றைவிடச் சிறியதாக ஒரு துளை இருக்கும். போன் என்று எழுதியிருக்கும் அல்லது போன் படம் போட்டிருக்கும். பரணில் கிடக்கும் பழைய பட்டன் போனை எடுத்து அங்கே செருகிப் பாருங்கள், இணைப்பில் குரல் சேவையைத் திறந்துவிட்டிருந்தால் டயல் டோன் கேட்கும். முன்பு எக்ஸ்சேஞ்ச் கொடுத்த மின்னழுத்தத்தையும் மணியடிக்கும் மின்சாரத்தையும் இப்போது இந்தப் பெட்டியே உண்டாக்கித் தருகிறது. குரலை இலக்கமாக்கும் வேலையும் இதனுடையதே.

இனி முக்கியமான பகுதி. இந்தப் பெட்டி எக்ஸ்சேஞ்சோடு எந்த மொழியில் பேசுகிறது?

எஸ்ஐபி என்று ஒரு விதிமுறை இருக்கிறது. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் கருவிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சிறு எழுத்துச் செய்திகளின் விதிமுறை அது. முதல் வடிவம் 1999-ல் வெளியானது. இன்று புழங்கும் வடிவம் 2002-ல் வந்தது. அதன் முதல் செய்தி ‘பதிவு செய்’ என்பது. பெட்டிக்கு மின்சாரம் வந்ததும் அது நிறுவனத்தின் கணினிக்கு, “நான் இன்ன எண்ணைச் சேர்ந்தவன், இன்ன இணைய முகவரியில் இருக்கிறேன்” என்று சொல்லும். கணினி உடனே நம்பிவிடாது. பெட்டிக்கும் அதற்கும் மட்டும் தெரிந்த ரகசியத்தை வைத்துச் சோதிக்கும். சரியாக இருந்தால் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் வைத்ததும் பெயர் சரிபார்க்கப்படுகிறதே, அந்தக் கட்டம் இது.

இந்தப் பதிவு நிரந்தரமானது கிடையாது. குறிப்பிட்ட நேரம்வரைதான் செல்லும். அது முடிவதற்குள் கருவி மறுபடி செய்தி அனுப்பிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தவறினால், அந்தக் கருவி இப்போது இல்லை என்று கணினி எடுத்துக்கொள்ளும். அழைப்பு வந்தால் அதற்கு அனுப்பாது. செல்போன் செயலியில் நாம் சந்திக்கும் சிக்கல்களில் பாதிக்கு வேர் இந்த ஒரு விஷயம்தான்.

## ஓர் அழைப்பு போகும் வழி

திருச்சியில் இருக்கும் உங்கள் அக்கா, மதுரையில் இருக்கும் உங்கள் வீட்டு எண்ணை, 0452 சேர்த்து, தன் செல்போனிலிருந்து அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய செல்போன் நிறுவனம் எண்ணின் தொடக்கத்தைப் பார்த்து அது எந்த நிறுவனத்தின் லேண்ட்லைன் என்று கண்டறிந்து அங்கே அனுப்புகிறது. உங்கள் நிறுவனத்தின் கணினி பதிவேட்டைப் புரட்டுகிறது. அந்த எண்ணின் கீழ் இரண்டு கருவிகள் உயிரோடு இருக்கின்றன: ஃபைபர் பெட்டி, உங்கள் செல்போனில் உள்ள செயலி. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் ‘அழைப்பு வந்திருக்கிறது’ என்ற எஸ்ஐபி செய்தி போகிறது. இரண்டும் ‘மணி அடிக்கிறது’ என்று பதில் அனுப்புகின்றன. அதனால்தான் அக்காவின் காதில் ரிங் சத்தம் கேட்கிறது.

நீங்கள் செயலியில் பச்சைப் பொத்தானைத் தொடுகிறீர்கள். ‘எடுத்தாயிற்று’ என்ற செய்தி போகிறது. கணினி மற்றக் கருவிக்கு ‘நீ நிறுத்திக்கொள்’ என்கிறது, கூடத்துப் போன் அடங்குகிறது. அதற்குப் பிறகுதான் குரல் பாக்கெட்டுகள் ஓடத் தொடங்குகின்றன. அவற்றுக்குத் தனிப் பாதை உண்டு. எஸ்ஐபி குரலைச் சுமப்பதில்லை. அழைப்பை ஏற்பாடு செய்வதோடு அதன் வேலை முடிகிறது. யாராவது ஒருவர் போனை வைத்ததும் ‘முடிந்தது’ என்ற கடைசிச் செய்தியோடு எல்லாம் ஓய்கிறது.

மாடி எக்ஸ்டென்ஷனில் நடந்ததுபோல இப்போது ஒட்டுக்கேட்க முடியாது என்பதைக் கவனியுங்கள். முன்பு இரண்டு போனும் ஒரே கம்பியைப் பகிர்ந்தன. இப்போது ஒரே எண்ணைத்தான் பகிர்கின்றன, பேச்சு ஓடும் பாதை தனித்தனி.

சுருக்கமாக: கருவி தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. அழைப்பு வந்தால் பதிவேட்டில் இருப்பவை ஒலிக்கின்றன. எடுத்த கருவிக்கும் எதிர்முனைக்கும் நடுவே குரல் பாக்கெட்டுகள் ஓடுகின்றன.

## செயலி பதிவாகும் இரண்டு இடங்கள்

செயலி தன்னை எங்கே பதிவு செய்துகொள்கிறது என்பதில் உலகில் இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன.

நேராக நிறுவனத்தின் கணினியில் பதிவாவது ஒரு வழி. இந்தியாவில் ஜியோஃபைபர் இணைப்புக்கான ஜியோஜாயின் செயலியை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். முன்பு அதன் பெயர் ஜியோகால். செயலியில் உங்கள் லேண்ட்லைன் எண்ணை எஸ்டிடி கோடோடு பத்து இலக்கமாகத் தர வேண்டும். முன்னால் இருக்கும் 0 வேண்டாம். சென்னைக்கு 44 என்ற இரண்டும் எட்டு இலக்க எண்ணும், மதுரைக்கு 452 என்ற மூன்றும் ஏழு இலக்க எண்ணும் சேர்ந்தால் பத்து. இந்திய லேண்ட்லைன் எண்கள் இந்தப் பத்துக்குள் அடங்கும். பிறகு, இணைப்பு வாங்கும்போது நீங்கள் கொடுத்த செல்போன் எண்ணுக்கு ஓடிபி வரும். லேண்ட்லைன் எண்ணுக்கு வராது. இணைப்பு வெளியூரில் இருக்கும் மகன் பெயரில் இருந்தால் ஓடிபி அவருக்குப் போகும், வீட்டில் இருப்பவர்கள் செயலி பழுது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஓடிபியைச் சரியாக இட்டதும் உங்கள் செல்போன் அந்த எண்ணின் உறுப்பினராகச் சேர்ந்துவிடுகிறது. இதன் மறுபக்கத்தை யோசித்துப் பாருங்கள். அந்த ஓடிபியை முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொன்னால், அவருடைய செல்போனும் உங்கள் வீட்டு எண்ணின் உறுப்பினராகிவிடும். அவர் யாரிடம் என்ன பேசினாலும் எதிர்முனையில் தெரிவது உங்கள் வீட்டு எண். ஆதலால் இந்த ஓடிபியை வங்கி ஓடிபிக்கு நிகராக வைத்துக் காப்பாற்றுங்கள்.

வீட்டு ரூட்டரிலேயே பதிவாவது இரண்டாவது வழி. ஜெர்மனியில் மிகப் பரவலாக இருக்கும் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் என்ற ரூட்டர் இப்படி வேலை செய்கிறது. அங்கே குடியேறிய நம் உறவினர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ரூட்டருக்குள்ளேயே ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது. நிறுவனத்தின் கணினிக்குத் தெரிவது ரூட்டர் மட்டும். கார்ட்லெஸ் போன்கள், செல்போனில் இருக்கும் ஃப்ரிட்ஸ்ஆப் ஃபோன் செயலி எல்லாம் ரூட்டரிடம் பதிவு செய்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள் எண் உண்டு. சமையலறையிலிருந்து மாடி அறைக்குக் காசில்லாமல் பேசலாம். வீட்டு வைஃபை எல்லையைத் தாண்டினால் செயலிக்கு ரூட்டர் எட்டாது. வெளியிலிருந்தும் வேண்டுமென்றால் விபிஎன் வேண்டும். வெளி இணையத்திலிருந்து மறையாக்கிய தனி இணைப்பில் வீட்டு வலைக்குள் நுழையும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர்.

எனக்கு இந்த இரண்டாவது முறை மேல் என்று படுகிறது. கட்டுப்பாடு வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. எந்தக் கருவி சேர்ந்திருக்கிறது என்பதை ரூட்டரின் பக்கத்திலேயே பார்க்கலாம், வேண்டாததை நீக்கலாம். நம் ஊரில் நிறுவனங்கள் தரும் பெட்டிகளிலும் இப்படி ஒரு பட்டியல் திறந்து கிடைத்தால் எவ்வளவோ நல்லது.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று, பிஎஸ்என்எல் 2018-ல் அறிமுகம் செய்த விங்ஸ். இணையவழித் தொலைபேசிக்கான உரிம விதிகள் அந்த ஆண்டு தெளிவானதும் வந்த சேவை அது. அதில் வீட்டுக் கம்பியே தேவையில்லை, சிம்மும் தேவையில்லை. தனியாகப் பத்து இலக்க எண் ஒன்று தருவார்கள், எஸ்ஐபி செயலியில் அதை இட்டுப் பேச வேண்டும். உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றுதான், ஆனால் எண் உங்கள் பழைய வீட்டு எண்ணாக இருக்காது.

## செம்புக் கம்பி மட்டும் இருப்பவர்களுக்கு

வீட்டில் இருப்பது செம்புக் கம்பி லேண்ட்லைன் மட்டும் என்றால் எந்தச் செயலியை இறக்கினாலும் பயனில்லை. உங்கள் எண் இன்னும் கம்பியில்தான் இருக்கிறது. பதிவு செய்துகொள்ள அங்கே பதிவேடு இல்லை. கம்பிக்கும் வைஃபைக்கும் நடுவே கேட்வே என்ற மாற்றுப் பெட்டியை வைத்து இணைப்பது தொழில்நுட்ப ரீதியில் முடியும். என் கருத்தில், அந்த வழியில் இறங்காதீர்கள். உரிமம் இல்லாமல், இணையத்தில் வரும் வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர்த் தொலைபேசி வலைக்குள் இறக்கிவிடுவது இந்தியாவில் குற்றம். சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச் என்று செய்திகளில் வருபவை அத்தகைய இடங்கள்தான். துபாயில் இருக்கும் மகன் ஊர் லேண்ட்லைன் வழியாகச் சொந்தக்காரர்களோடு பேசட்டும் என்று ஒருவர் நல்லெண்ணத்தில் வைக்கும் பெட்டியும் அந்த வம்பில் கொண்டுபோய் விடலாம். உங்கள் பகுதிக்கு ஃபைபர் வந்திருந்தால், பழைய எண்ணையே அதற்கு மாற்றித் தர முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்பதுதான் நேர்வழி.

## யாருக்கு இது உண்மையில் உதவும்?

செல்போனிலேயே வரம்பின்றிப் பேசும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். வீட்டில் தையல் தைத்துக் கொடுக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள், டியூஷன் எடுப்பவரை, மாவு அரைத்துக் கொடுப்பவரை. வாடிக்கையாளர்களுக்கு ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். சொந்தச் செல்போன் எண்ணைக் கொடுத்தால் அது வாட்ஸ்அப்பிலும் ஏறும், புகைப்படம் தெரியும், இரவு பதினொரு மணிக்கு “ஹாய்” வரும். லேண்ட்லைன் எண்ணைக் கொடுத்துவிட்டு அதைச் செல்போனிலேயே எடுத்துப் பேசினால், தொழிலுக்கு ஓர் எண், தனக்கு ஓர் எண் என்று சுவர் எழுந்துவிடுகிறது. இரவானால் செயலியிலிருந்து வெளியேறிவிடலாம். இரண்டாவது சிம் வாங்காமல், கூடுதலாக ஒரு பைசா கட்டாமல் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பைப் பற்றி யாரும் இவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

வயதானவர்களுக்கும் இது நல்லது. மணி அடித்ததும் கூடத்துக்கு விரைந்து ஓடித் தடுக்கி விழ வேண்டாம், படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் செல்போன் ஒலிக்கும். பல வருடமாக உறவுகளுக்கெல்லாம் மனப்பாடமான வீட்டு எண்ணும் கைவிட்டுப் போகாது.

## பேசும்போது வரும் இடைஞ்சல்கள்

அழைப்பு வந்தது, ஆனால் செல்போன் ஒலிக்கவில்லை என்பதுதான் அதிகம் வரும் புகார். பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பார்த்தோம் அல்லவா? ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தூங்க வைத்துவிடுகின்றன. செயலி தூங்கிவிட்டால் அழைப்பு வந்திருக்கிறது என்ற செய்தி அதை நேரத்துக்கு எட்டாமல் போகலாம். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். அறிவிப்புகளுக்கும் மைக்குக்கும் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குரல் விட்டுவிட்டுக் கேட்பது அடுத்தது. பாக்கெட்டுகள் சீரான இடைவெளியில் வர வேண்டும். சில முந்தி, சில பிந்தி வந்தால் அந்தச் சீரின்மைக்கு ஜிட்டர் என்று பெயர். செயலி சிறிது நேரம் பொறுத்து வரிசைப்படுத்திப் பார்க்கும். அதற்கும் மேல் தாமதமானதைத் தூக்கி எறிந்துவிடும். எறிந்த ஒவ்வொன்றும் பேச்சில் 20 மில்லிவினாடி ஓட்டை. இதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் வைஃபைதான். கான்கிரீட் சுவர்கள், ரூட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது, பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசல். ரூட்டரை வெளியே எடுத்து உயரமாக வைத்தாலே பல வீடுகளில் இது சரியாகிவிடும்.

செல்போன் எண்ணுக்கு அழைப்பு போகவில்லை என்றால், எண்ணுக்கு முன்னால் 0 சேர்த்துப் பாருங்கள். 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு 0 சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். கையில் இருப்பது செல்போன் என்றாலும் நெட்வொர்க்கைப் பொறுத்தவரை நீங்கள் லேண்ட்லைன்.

வீட்டை விட்டு வெளியே போனாலும் செயலி வேலை செய்யுமா என்பது நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. பதிவேட்டைப் பொறுத்தவரை உலகில் எங்கிருந்தும் பதிவு செய்யலாம், தொழில்நுட்பத்தில் தடையில்லை. இணைப்பு வாங்கும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

## கரண்ட் போனால்?

செம்புக் கம்பிக் காலத்தில் ஊரே இருட்டாக இருந்தாலும் போன் பேசும். 48 வோல்ட்டை எக்ஸ்சேஞ்ச் தன் பேட்டரிகளிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபைபரில் அந்த வசதி இல்லை. கண்ணாடி இழை வழியே ஒளிதான் வரும், கருவியை ஓட்டும் மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் பெட்டி அணையும், கூடத்துப் போன் ஊமையாகும், வைஃபையும் போய்விடும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் ஃபைபர் பெட்டியின் பிளக் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், ரூட்டர்களுக்கென்றே சிறிய யுபிஎஸ் விற்கிறார்கள்.

பிரிட்டனில் பழைய செம்புத் தொலைபேசி வலையை 2027 ஜனவரி இறுதிக்குள் முழுவதும் நிறுத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்கள் மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர உதவியை அழைக்க வழி செய்து தர வேண்டும் என்று அங்கே ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. இங்கே அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவசர அழைப்புக்கு வருவோம். 112, 108 போன்ற எண்களைச் செயலியில் டயல் செய்யாதீர்கள், செல்போனின் சொந்த டயலரில் அழையுங்கள். செயலி வழியே போகும் அழைப்பு உங்கள் வீட்டு எண்ணின் பெயரால் போகிறது. அந்த எண்ணோடு பதிவாகியிருப்பது வீட்டு முகவரி. செயலி வெளியிலும் வேலை செய்யும் இணைப்பாக இருந்து, நீங்கள் விபத்து நடந்த நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு அழைத்தால், உதவி வேறு ஊரில் உங்களைத் தேடும். செல்போனின் சொந்த அழைப்பு கோபுரத்தைத் தொடுவதால் நீங்கள் நிற்கும் பகுதியைக் கண்டுபிடிக்க வழியுண்டு. உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், 112-க்கு மட்டும் அருகில் இருக்கும் வேறொரு நிறுவனத்தின் கோபுரத்தைப் பிடிக்கச் செல்போன் முயலும். வீட்டில் செயலி போட்டுக் கொடுக்கும்போதே, அவசரத்துக்கு எந்தப் படத்தைத் தொட வேண்டும் என்று பெரியவர்களுக்கு ஒருமுறை காட்டிக்கொடுத்துவிடுங்கள். இரண்டு டயலர்களும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.